இருபத்திநாலாவது உருப்படி

எங்கள் குடும்பம் திருக்காட்டுப்பள்ளியை விட்டுப் பூனாவுக்குக் குடிபெயர்ந்தபோது, எந்த வழியாகப் போவது என்று முடிவுசெய்தது என்னுடைய பள்ளிக்கூட அட்லஸ். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக அச்சடித்தது. அதில் ரோடுகளே கிடையாது. ஆறு என்றால் நீலக் கோடு, சமவெளி என்றால் பச்சை, மலை என்றால் பழுப்பு, அவ்வளவுதான். அதை மட்டும் வைத்துக்கொண்டு அப்பா, அம்மா, நான், என் குட்டித் தம்பி ஆக நான்கு பேரையும் ஒரு அம்மிக்கல்லையும் மூன்று மாநிலம் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம் என்று நம்பியவர் என் தாய்மாமா.

மாமாவிடம் ஒரு வேன் இருந்தது. கல்யாண வீட்டாரைத் தஞ்சாவூருக்கு ஏற்றிப்போவதும், பிள்ளைகளுக்கு மொட்டை போடப் போகிறவர்களை வைத்தீஸ்வரன் கோயிலில் இறக்கிவிடுவதும்தான் அதன் பிழைப்பு. எந்தப் பக்கம் போனாலும் வயல், வாய்க்கால், மதகு, அதைத் தாண்டினால் மறுபடி வயல். முப்பது வயதாகியும் ஒரு உருப்படியான மலையைப் பார்த்ததில்லை என்பது மாமாவின் தீராத மனக்குறை. அட்லஸைப் பிரித்து எங்கள் ஜில்லாவின் மேல் விரலை வைத்து, “பாருக்கா, ஒரே பச்சை. பச்சையிலயே பொறந்து பச்சையிலயே சாவணுமா?” என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா அடுத்த முறுக்கைப் பிழிந்தாள்.

மாமா என் சிவப்புப் பேனாவை வாங்கி, என் அனுமதி இல்லாமலே, அட்லஸில் கோடு போட்டார். காவிரியைப் பிடித்துக்கொண்டே போனால் மேட்டூர். அதற்கும் மேலே போனால் குடகு. அங்கே வடக்கே திரும்பினால் பழுப்போ பழுப்பு. பழுப்புக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தால் பூனா. இதில் ரோடு எங்கே இருக்கிறது என்று அப்பா கேட்டதற்கு, “ஆத்தோரம் ரோடு இல்லாமயா போவும் அத்தான்?” என்று மாமா திருப்பிக் கேட்டார். எங்கள் பக்கத்தில் ஆறானாலும் கிளை வாய்க்காலானாலும் கரை என்று ஒன்று இருந்தால் அதன்மேல் ரோடு ஒன்று இருக்கும். கரையில் ரோடு இல்லாத ஆறு உலகத்தில் இருக்கலாம் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

அப்பா அந்த ஊர் ரைஸ் மில்லில் பாய்லர் பார்த்துக்கொண்டிருந்தார். மில்லில் எந்த மிஷின் இருமினாலும் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். அந்த வருடம் முதலாளி வெளிநாட்டு மிஷின் ஒன்றை இறக்கினார். ஒரு பக்கம் நெல்லைக் கொட்டிப் பொத்தானைத் தட்டினால் மறுபக்கம் அரிசியாக வந்து விழும். அது இருமவே இருமாது. முதலாளி நல்ல மனிதர். போக வேண்டாம், குடோன் சாவியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருங்கள் என்றார். அப்பாவுக்குச் சும்மா உட்கார்ந்து பழக்கமில்லை. அந்தச் சமயம் பார்த்துப் பூனாவில் புதிதாக வந்த ஒரு தொழிற்சாலையிலிருந்து, பழைய நண்பர் ஒருவர் சொல்லி, வேலைக்கான ஆர்டர் வந்தது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அந்த ஆர்டரோடு நேரில் வந்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் வேலை அடுத்தவருக்குப் போய்விடும் என்று அதில் எழுதியிருந்தது.

ஊரில் எல்லாரும் ஏன் போகிறீர்கள் என்று கேட்டார்கள். டீக்கடையில் அப்பா, “எனக்கென்னங்க, அவளுக்குத்தான் பிள்ளைங்களைப் பெரிய ஊர்ல படிக்க வைக்கணும்னு ஆசை” என்றார். தெருக்குழாயில் அம்மா, “எனக்கென்னக்கா, அவருக்குத்தான் மிஷின் இல்லாம இருக்க முடியாது” என்றாள். டீ வாங்கப் போகிறவளும் தண்ணீர்க் குடத்துக்கு வரிசை போடுகிறவளும் நான்தான் என்பதால் இரண்டையும் கேட்டேன். ஒருவர்மேல் ஒருவருக்கு எவ்வளவு பிரியம் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கல்யாணச் சவாரிகள் போக வேன் வியாழக்கிழமைதான் கிடைக்கும். வியாழக்கிழமையோ அப்பாவுக்குச் சந்திராஷ்டமம். அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் பூதலூரில் இருந்த அத்தை, அப்பாவின் அக்கா. தினசரிக் காலண்டரைக் கிழிக்கும்போது முன்னும் பின்னும் படித்துவிட்டுத்தான் கிழிப்பார். அதற்குப் பரிகாரமும் அவரே சொன்னார். பரஸ்தானம் வைத்துவிட வேண்டும். அதாவது கிளம்புகிற நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னாலேயே ஒரு நல்ல நாளில் நம்முடைய பை ஒன்றைப் போகிற வழியிலுள்ள ஒரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. பை கிளம்பிவிட்டால் ஆள் கிளம்பியதாகக் கணக்கு. பிறகு எந்த நாளில் வேண்டுமானாலும் நிதானமாகப் புறப்பட்டு, வழியில் பையை எடுத்துக்கொண்டு போகலாம். கிரகங்களை இப்படி ஏமாற்ற முடியும் என்பது எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. பள்ளிக்கூடத்துக்கும் பையை மட்டும் முதலில் அனுப்பிவைத்தால் என்ன என்றுகூட யோசித்தேன்.

ஆனால் பழைய துணியைத் திணித்து ஒரு பையை வைத்துவிட முடியாது என்றார் அத்தை. “எதுக்காகப் போறியோ அது பைக்குள்ள இருக்கணும் தம்பி. வேலைக்குப் போறவனுக்கு வேலைக் காயிதம்தான் முதல்ல போவணும்.” ஆகவே கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால், அந்த வாரத் திங்கட்கிழமை நல்ல நேரத்தில் ஒரு சிவப்பு ரெக்சின் பையில் ஒரு பிடி நெல், ஒரு மஞ்சள் துண்டு, அப்பாவின் புது வெள்ளைச் சட்டை, சர்டிபிகேட்டுகள், பூனா ஆர்டர் எல்லாவற்றையும் வைத்து, மாமாவும் நானும் போய் அத்தை வீட்டுச் சாமி அலமாரிக்குக் கீழே வைத்துவிட்டு வந்தோம். மாமா அங்கேயும் அட்லஸைப் பிரித்து, முதல் நாள் சாயங்காலம் மேட்டூர் அணைப் பூங்கா, அங்கே போட்டோ, இரவு அங்கேயே தங்கல் என்று அத்தைக்கு விளக்கினார். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

மேட்டூர் வரைக்கும் ஆற்றங்கரை என்று மாமா அடம்பிடிக்க, காட்சி பார்க்கவா போகிறோம் என்று அப்பா கத்த, கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. முதலில் பூதலூர் போய்ப் பையை எடுப்பது. அப்படியே பெரிய ரோட்டைப் பிடித்துத் திருச்சி. திருச்சிக்கு மேல் மாமாவின் இஷ்டம்.

சாமான்களுக்கெல்லாம் சாக்பீஸால் எண் போட்டவள் நான். பீரோ ஒன்று, தையல் மிஷின் இரண்டு, அம்மிக்கல் மூன்று, குழவி நான்கு. குழவி அம்மிக்கல்லோடு சேர்ந்ததுதானே என்று மாமா கேட்டதற்கு, அது பாதியில் தொலைந்தால் நீயா அரைத்துத் தருவாய் என்று அம்மா அதற்குத் தனி எண் கொடுத்துவிட்டாள். மொத்தம் இருபத்திநாலு. இருபத்திநாலாவது உருப்படி சிவப்பு ரெக்சின் பை. அம்மா எண்ணுவதில் எமன். எங்கள் வீட்டில் ஒரு ஊக்குக்கூட அவளுக்குத் தெரியாமல் தொலைந்ததில்லை. வியாழக்கிழமை காலை வேன் கிளம்புமுன் ஒவ்வொன்றையும் தொட்டு எண்ணி, “இருபத்திமூணு. ஒண்ணு அண்ணி வீட்டுல. சரியா இருக்கு” என்றாள்.

கடைத்தெருவைத் தாண்டியதும் ரோடு பிரிகிறது. பூதலூருக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும். நேரே போனால் ஆற்றங்கரையோடு கல்லணை, அப்புறம் திருச்சி. மாமா ஒப்பந்தப்படி இடப்பக்கம் திருப்பப் போனார். அப்போது அப்பா, வெளியே பார்த்தபடியே, “கல்லணை வழியாவே விடேன் மாப்ள. ஆத்தங்கரை காட்சி நல்லாருக்கும்” என்றார்.

வேன் நடுரோட்டில் நின்றுவிட்டது. “அத்தான்! நீங்களா சொல்றீங்க?” என்று மாமா கேட்டார். ஒரு வாரமாகத் தன்னை யாருமே புரிந்துகொள்ளவில்லை என்ற ஏக்கம் அந்த இடத்திலேயே தீர்ந்துபோனது. ஹாரனை ஒரு தடவை நீளமாக அடித்துவிட்டு வண்டியை நேரே விட்டார். அந்தச் சந்தோஷத்தில் பையாவது ஒன்றாவது!

எனக்கு ஞாபகம் இருந்தது. இதை மறைக்க முடியாது. இருபத்திநாலு என்று எண் போட்டவள் நானல்லவா? வாயைத் திறந்தேன். அதற்குள் ஒரு யோசனை வந்தது. சொன்னால் வண்டி திரும்பும். அப்பா மனம் மாறினாலும் மாறிவிடுவார். பூனா வரைக்கும் பெரிய ரோடு என்றாகிவிட்டால் மலையும் இல்லை, அணையும் இல்லை. லீவிலும் வீடு வீடாகப் போய் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரிடமும் மலை பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். வாயை மூடிக்கொண்டேன். பெரியவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள், யாருக்காவது ஞாபகம் வராமலா போகும் என்று பாரத்தை அவர்கள் தலையில் போட்டேன்.

அப்பா சொன்ன ஆற்றங்கரைக் காட்சியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது மே மாதக் கடைசி. மேட்டூர் திறக்க இன்னும் நாள் இருந்தது. காவிரியில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் மணல். நடுவில் கருவேலம் புதர், நாலு ஆடு, ஒரு மணல் லாரி. அப்பா அதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு வந்தார். “தண்ணி எங்கப்பா?” என்று தம்பி கேட்டான். “வரும்” என்றார் அப்பா.

திருச்சியில் டீ குடிக்க நின்றபோது அம்மா இறங்கிப் பின்கதவைத் திறந்து எண்ணினாள். “இருபத்திமூணு. சரியா இருக்கு.” முசிறியில் நின்றபோதும் அப்படியே. இப்போதாவது சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் நாமக்கல் பக்கம் தூரத்தில் கொல்லிமலை நீலமாகத் தெரிந்ததும் அந்த யோசனை போய்விட்டது. மாமா வண்டியை ஓரங்கட்டி, ஸ்டியரிங்கைக் கும்பிட்டுவிட்டு இறங்கி, இடுப்பில் கைவைத்துக்கொண்டு பத்து நிமிடம் பார்த்தார். அதன்பிறகு எங்கெல்லாம் மேடு தெரிந்ததோ அங்கெல்லாம் நிறுத்தினார். நிறுத்திய இடத்திலெல்லாம் தம்பி வாந்தி எடுத்தான். அவன் பார்த்த காட்சிகள் எல்லாம் தரையில்தான்.

மேட்டூர் போய்ச் சேரும்போது நாலரை மணி. எங்கள் ஊரில் மேட்டூர் என்றால் ஒரு ஊர் என்று நினைத்திருந்தவர்கள் குறைவு. மேட்டூர் திறந்தாச்சா, மேட்டூர் எத்தனை அடி என்றுதான் பேச்சு. நான் அதை ஏதோ ஒரு பெரிய தொட்டி என்றே நினைத்திருந்தேன். பார்த்தால் சுற்றிலும் மலை, நடுவில் தண்ணீர். எங்களுக்கு வரவேண்டிய தண்ணீரெல்லாம் இங்கே சும்மா நிற்கிறதே என்று எனக்குக் கோபம் வந்தது. மாமா அங்கே பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தவரிடம், இதற்கு மேல் ஆற்றங்கரை ரோடு எந்தப் பக்கம் என்று கேட்டார். “இதுக்கு மேல ஏதுங்க ரோடு? பாறையும் காடுந்தான். மீனுக்குத்தான் வழி” என்றார் அவர். மாமா அட்லஸைப் பிரித்து அவரிடம் காட்டினார். அவர் அதில் ஒரு பஜ்ஜியை மடித்துத் தரத்தான் போனார்.

அந்தச் சோகத்தை மறக்க, போட்டோ எடுக்கலாம் என்றார் மாமா. சிங்கப்பூரிலிருந்து வந்த சிநேகிதரிடம் இரவல் வாங்கிய கேமரா. “அத்தான், அந்தப் புது வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கிட்டு நில்லுங்க” என்று சொல்லிச் சட்டையை எடுக்க வேனுக்குப் போனார். கொஞ்ச நேரம் உள்ளே சாமான் உருளும் சத்தம் கேட்டது. வெறுங்கையோடு திரும்பி வந்தார். “அக்கா, ரெக்சின் பை...” என்றார்.

அம்மா “ஐயையோ!” என்று வாயில் கைவைத்தாள். அப்பா நெற்றியில் அடித்துக்கொண்டார். இரண்டுமே கொஞ்சம் சத்தமாக இருந்தன. அடுத்த நிமிடம் இருவரும் மாமாமேல் பாய்ந்தார்கள். காட்சி காட்சி என்று ஆடியதால் வந்த வினை, அட்லஸ் கெட்ட கேடு, என்றெல்லாம் சரமாரியாக விழுந்தது. மாமா கண்கலங்கி, இப்போதே திரும்பி ஓட்டுகிறேன், விடிவதற்குள் பையோடு வருகிறேன் என்றார். அப்பா உடனே தணிந்துவிட்டார். “வேணாம் மாப்ள. சந்திராஷ்டமத்துல ராத்திரிப் பயணம் வேற வேணாம். காலையில நிதானமாத் திரும்பலாம்.” மேடு கண்ட இடமெல்லாம் நிற்கிற இந்த வேனில் நிதானமாகத் திரும்பினால் திங்கட்கிழமை எட்டு மணிக்குப் பூனாவில் நிற்க முடியாது என்பது எனக்கே தெரிந்தது. “நமக்குக் கொடுப்பினை இல்லைங்க. விடுங்க” என்றாள் அம்மா. மாமாவை மன்னித்து, அவர் முதுகையும் தடவிக்கொடுத்தாள்.

குற்றவாளி நான் என்று எனக்குத் தெரியும். என் ஒருத்தியின் மலை ஆசையால் அப்பாவின் வேலை போயிற்று. இதை இருபது வருடத்துக்கு மேல் மனதிலேயே வைத்திருந்து, ஒருநாள் பூனா வீட்டுச் சமையலறையில், அம்மா வெந்தயக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது ஒப்புக்கொண்டேன். அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “நீயுமாடி?” என்றாள்.

அடுத்த கட்டைப் பிரித்துக்கொண்டே அவளே சொன்னாள். “உங்கப்பா வண்டியை நேரா விடச் சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. அவரு மறந்ததாவே இருக்கட்டும்னு நானும் இருபத்திமூணோட நிறுத்திக்கிட்டேன்.”

“ரெண்டு பேருக்கும் போவ மனசு இல்லன்னா, வாயைத் திறந்து பேசியிருக்கலாமேம்மா?”

“எனக்காகத்தான் போறேன்னு ஊர் பூரா சொல்லி வச்சிருந்தாரு. போவ வேணாம்னு இருக்கான்னு கேட்டா, இல்லம்பாரு” என்றாள். மாமாவுக்கு மட்டும் இது தெரியாது. இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தால், அந்தப் பை விஷயத்துக்கு ஒருமுறை மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். நாங்களும் மன்னித்துக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியாது. வேலை போய்விட்ட ஒரு குடும்பம் எவ்வளவு சந்தோஷமாக இருக்க முடியும் என்பதைத்தான் பார்த்து ஆச்சரியப்பட்டேன். வெளியில் வாங்கித் தின்றால் வயிறு கெடும் என்று ஆயுளில் ஒரு பொட்டலம் கடலைகூட வாங்காத அம்மா, அணைக்கரையில் வறுத்துக் கொடுத்த மீனை இலையில் வாங்கி எல்லாருக்கும் பிட்டுக் கொடுத்தாள். அப்பா தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு புல்வெளியில் ஓடினார். குடோன் சாவியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் ஒன்றும் மோசமில்லை, அந்தப் புது மிஷினும் என்றைக்காவது ஒருநாள் இருமத்தானே செய்யும் என்றார். அம்மா சிரித்தாள். வீடு காலி செய்ததிலிருந்து, ஏன், அதற்கும் ஒரு மாதம் முன்னாலிருந்தே, அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. என் குற்றத்தால் இவ்வளவு நன்மையா என்று நானும் இரண்டாவது மீன் துண்டை எடுத்துக்கொண்டேன்.

அப்போதுதான் பூங்கா வாசலில் ஒரு குரல் கேட்டது. “தம்பீ...!”

அத்தை. தலை கலைந்து, புடவை கசங்கி, மூக்கு நுனியில் கண்ணாடி. இடுப்பில் குழந்தையை வைத்திருப்பதுபோலச் சிவப்பு ரெக்சின் பை. விடிகாலையிலிருந்து வாசலில் நிறைகுடத்தோடு நின்றாராம். ஒன்பது மணிக்கு உரக்கடைப் பையன் வந்து, வேன் கல்லணைப் பக்கம் போனதைப் பார்த்தேன் என்று சொன்னானாம். குடத்தை அப்படியே வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டார். தஞ்சாவூர் ஜில்லாவைத் தாண்டித் தனியாக ஒரு பஸ்ஸும் ஏறியிராதவர், மூன்று பஸ் மாறி, மாமா அட்லஸில் காட்டிய இடத்துக்குச் சரியாக வந்து நின்றார்.

“பரஸ்தானம் வச்ச பையை எடுக்காமப் போனா, போன ஊர்ல நிலைக்க மாட்டாங்க தம்பி. எனக்கு உசிரே இல்ல. மூணு பஸ்லயும் மடியிலயேதான் வச்சிருந்தேன், கீழ வைக்கவே இல்ல. எல்லாம் பத்திரமா இருக்கு, பாத்துக்க” என்று பையை நீட்டினார்.

அப்பா தம்பியைத் தோளிலிருந்து இறக்கினார். அம்மா கையில் மீன் இலை. இருவரும் கை நீட்டவில்லை. இவ்வளவு தூரம் கொண்டுவந்தவரை இப்படியா நிற்கவைப்பது என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. என் குற்றத்தையும் கழுவிக்கொள்ள அதுதான் நேரம் என்று பட்டது. நான் ஓடிப்போய்ப் பையை வாங்கினேன். வேனுக்கு எடுத்துப்போய்க் குழவிக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தேன். ஒன்றிலிருந்து எல்லாவற்றையும் தொட்டு எண்ணினேன். அங்கிருந்தே அம்மாவைப் பார்த்து, “இருபத்திநாலும்மா! சரியா இருக்கு!” என்று கத்தினேன்.

பக்கத்தில் போய்ப் பார்த்தால் அம்மாவுக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். மீன்முள் தொண்டையில் சிக்கிவிட்டது என்று அப்பா சொன்னார். முள்ளுக்கு வெறும் சோறு ஒரு கவளம் விழுங்கினால் போதும் என்று எனக்குத் தெரியும். எதிரே இருந்த சாப்பாட்டுக் கடைக்கு ஓடினேன்.